ஒரு சுருளில் 36 படங்கள்

(ஆசிரியர்களுக்கான கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே அரங்கில் அமர்ந்திருக்கிறீர்கள். அதனால் ஒரு குறிப்பிட்ட பாடத்தைப் பற்றிப் பேசாமல் எல்லா வகுப்புக்கும் பொருந்துகிற ஒன்றைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒரு பிள்ளை செய்து கொண்டுவந்து காட்டும் வேலையை நாம் எப்படிப் பார்க்கிறோம், பார்த்துவிட்டு என்ன சொல்கிறோம் என்பதுதான் அது. அதைச் சொல்ல என் பொழுதுபோக்கைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன். நான் பிலிம் காமிராவில் படம் எடுப்பவன்.

சிலர் சிரிக்கிறீர்கள். செல்பேசியில் ஒரு நாளைக்கு நூறு படம் எடுக்கிற காலத்தில் பிலிமா என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் இன்றும் பிலிம் சுருள் தயாரிக்கிறார்கள், வாங்குகிறார்கள், கழுவுகிறார்கள். எங்கள் ஊரிலேயே நாங்கள் எட்டுப் பேர் இருக்கிறோம். ஒருவர் கல்யாணப் படம் எடுத்து ஓய்ந்த பெரியவர். ஒருவர் மின்வாரிய ஊழியர், ஒருவர் மருந்துக்கடை வைத்திருப்பவர், இருவர் கல்லூரி மாணவர்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, மூடிக் கிடக்கும் ஒரு பழைய ஸ்டுடியோவின் பின்னறையில் கூடுவோம். அந்த மாதம் எடுத்த படங்களை மேசையில் பரப்புவோம். பேச்சு மதியம் வரை போகும்.

என்ன பேசுவோம்? முதலில் காமிராச் சண்டைதான். மின்வாரிய நண்பருக்குப் பென்டாக்ஸ் கே 1000 போதும். 1976இல் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் விற்பனையில் இருந்த காமிரா அது. உள்ளே இருக்கும் மின்கலம் ஒளிமானிக்கு மட்டுமே. மின்கலம் தீர்ந்துபோனாலும் காமிரா வேலை செய்யும். பெரியவருக்கோ யாஷிகா மேட் 124 ஜி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்சுகள். மேலே இருப்பது நாம் பார்ப்பதற்கு, கீழே இருப்பது பிலிமுக்கு. குனிந்து மேலிருந்து பார்க்கவேண்டும். கண்ணாடி வழியாகப் பார்ப்பதால் காட்சி இடவலம் மாறித் தெரியும். கல்லூரித் தம்பி ஒருவனுக்கு ஹீலியோஸ் 44 லென்சின் மேல் பித்து. சோவியத் நாட்டில் செய்த 58 மி.மீ. லென்சு அது. பின்னணியில் இருக்கும் இலைகள் சுழல்வதுபோல் தெரிவதுதான் அதன் அழகு என்பான். அது லென்சின் குறை, அதை அழகு என்று விற்கிறார்கள் என்பார் மருந்துக்கடைக்காரர். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

நம் மாநிலத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் அச்சுத்தாளும் எக்ஸ்ரே பிலிமும் தயாரித்தது. இன்று அந்த ஆலை இல்லை. உங்கள் பள்ளித் தலைமையாசிரியர் அறையில் தொங்கும் பழைய குழுப் படங்களில் சில அந்தத் தாளில் அச்சானவையாகவும் இருக்கலாம்.

காமிராச் சண்டை அரைமணி நேரத்தில் ஓய்ந்துவிடும். பிறகு நடப்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஒரு படத்தை நடுவில் வைப்போம். “நல்லா இருக்கு” என்று யாரும் சொல்வதில்லை. சொல்லக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் கேள்வி கேட்போம். எங்கே நின்று எடுத்தீர்கள்? மணி என்ன? துளை எவ்வளவு? ஏன் இன்னும் ஓரடி முன்னே போகவில்லை? இந்த மூலையில் இருக்கும் சைக்கிளைப் பார்த்துத்தான் எடுத்தீர்களா, தானாக வந்து விழுந்ததா? எடுத்தவர் தன் குறிப்பேட்டைத் திறந்து பதில் சொல்வார். பிலிம் காமிராவில் படத்தோடு விவரம் பதிவாகாது. ஆகவே எண், துளை, வேகம், ஒளி, நேரம் எல்லாம் கையால்தான் எழுதி வைக்கவேண்டும்.

கெட்டுப்போன படத்தையும் மேசையில் வைப்போம். வெளிச்சம் கூடிப் போனது, கை ஆடியது, குவியம் தப்பியது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடுவோம். மறைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு சுருளில் 36 படங்கள். சுருள் வாங்கிக் கழுவி முடிப்பதற்குள் ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். காசு கொடுத்த பிழையிலிருந்து ஏதாவது கற்றுக்கொள்ளாமல் விட மனம் வராது.

இந்தப் பழக்கத்தை வகுப்புக்குள் கொண்டுபோனால் என்ன என்று சென்ற ஆண்டு எண்ணினேன். என் ஒன்பதாம் வகுப்பில் 34 பிள்ளைகள். சுருளில் 36 படங்கள். ஆளுக்கு ஒன்று, மீதி இரண்டு சுருளின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும். நண்பரின் கே 1000ஐயும் 50 மி.மீ. லென்சையும் இரவல் வாங்கினேன். ஒரே நிபந்தனைதான்: எதை, எப்போது, ஏன் எடுக்கப் போகிறேன் என்று எடுப்பதற்கு முன்பே எழுதித் தரவேண்டும். எடுத்த உடனே பார்க்க முடியாது. 34 பேரும் முடித்த பிறகுதான் கழுவுவோம்.

பாடம் தானாகவே உள்ளே வந்தது. லென்சு வளையத்தில் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் இருக்கும். இது என்ன சார் கணக்கு என்று கேட்டார்கள். குவியத்தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண் அது. 50 மி.மீ. லென்சில் 2 என்றால் துளையின் விட்டம் 25 மி.மீ.; 4 என்றால் 12.5 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு நான்கில் ஒன்றாகும். ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாக வேண்டுமானால் எண் இரண்டின் வர்க்கமூலத்தால் பெருகிக்கொண்டே போகவேண்டும். பத்தாம் வகுப்பில் வரவிருக்கும் பெருக்குத் தொடர்வரிசையை அவர்கள் அந்த வளையத்தைத் திருகியே பார்த்துவிட்டார்கள்.

நல்ல வெயிலில் துளையை 16இல் வைத்து, பிலிமின் வேக எண் 400 என்றால் ஒரு நொடியில் நானூற்றில் ஒரு பங்குக்கு அருகில் திறப்பு நேரத்தை வைத்தால் போதும் என்ற பழைய வழக்கையும் சொன்னேன். காமிராவில் ஐந்நூற்றில் ஒன்றுதான் இருந்தது. அது போதுமா என்று இரண்டு நாள் வாதம் நடந்தது. குழாய்த் தண்ணீரைக் காட்டி, திறப்பு நேரம் குறைந்தால் துளிகள் உறைந்து நிற்கும், கூடினால் தண்ணீர் ஒரே தாரையாகத் தெரியும் என்பதையும் பேசிக்கொண்டோம்.

அந்த வகுப்பில் ஒரு மாணவன். அவன் குடும்பத்துக்கு வாத்து மேய்க்கும் தொழில். அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லைத் தேடி வாத்துக் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போகவேண்டும். தை, மாசியில் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே வரிசையாக விடுப்புதான். வகுப்பில் இருக்கும் நாட்களிலும் வாய் திறக்க மாட்டான். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், அவ்வளவுதான்.

அவன் தன் தாளில் எழுதியிருந்தது மூன்றே வரி. “காலை ஆறரை. ஏரிக்கரை. வாத்து இறங்கும்போது.” மற்ற 33 பேரும் எடுத்து முடித்துவிட்டார்கள். அவன் மட்டும் காத்திருந்தான். வாத்துகள் எங்கள் ஊர் ஏரிக்கு வந்து சேர இன்னும் நான்கு நாள் ஆகும் என்றான். ஐந்தாம் நாள் விடியலில் நானும் காமிராவோடு கரையில் நின்றேன். வெளிச்சம் குறைவு. துளையை 2க்குத் திறந்துவிட்டான். திறப்பு நேரத்துக்கு முப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். மண்டியிட்டு உட்கார்ந்தான். ஒரு சொடுக்கு. காமிராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாத்துகளுக்குப் பின்னே ஓடினான்.

சுருளை எங்கள் குழுப் பெரியவர் பள்ளி ஆய்வகத்திலேயே பிள்ளைகள் முன்னிலையில் கழுவினார். வெளிச்சம் புகாத சிறு தொட்டிக்குள் பிலிமை ஏற்றிவிட்டால் மற்ற வேலைகளைப் பகலிலேயே செய்யலாம். ஒளி பட்ட சில்வர் புரோமைடு துகள்களை உருத்துலக்கும் கரைசல் கறுப்பு வெள்ளியாக்கும். ஒளி படாதவற்றை ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் கரைத்து அகற்றும். ஒளிச்சிதைவு வினையை நாம் சமன்பாடாக எழுதிப் போடுகிறோம். ஈரமான பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது, வெள்ளைச் சட்டை கறுப்பாகவும் கறுப்பு முடி வெள்ளையாகவும் தெரிந்ததைப் பார்த்து அவர்கள் போட்ட சத்தம் இருக்கிறதே, பக்கத்து வகுப்பு ஆசிரியை ஓடி வந்துவிட்டார்.

அச்சிட்ட 34 படங்களையும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை மேசையில் பரப்பினேன். யார் எடுத்தது என்று சொல்லவில்லை. ஏரிக்கரைப் படத்தில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். கோலூன்றி நிற்கும் ஒரு மனிதர் தெளிவாக இருக்கிறார். அவரைச் சுற்றி வாத்துகள் பாலாறுபோல் வழிந்து ஏரிக்குள் இறங்குகின்றன. ஒரு வாத்துகூடத் தனியாகத் தெரியவில்லை. பெரியவர் கேட்டார்: “இவ்வளவு தாழ உட்கார்ந்து எடுத்தது யார்? அவரைக் கூட்டி வாருங்கள்.”

அடுத்த மாதம் அவனை அவன் அப்பாவோடு அழைத்துச் சென்றேன். எட்டுப் பேரும் அவனிடம் கேள்வி கேட்டார்கள், தங்களுக்குள் கேட்டுக்கொள்வது போலவே. ஏன் உட்கார்ந்தாய்? “நின்னா வாத்து ஒதுங்கிடும் சார். உட்கார்ந்தா நம்மளக் கண்டுக்காது.” ஏன் முப்பதில் ஒன்று? “வாத்து ஓடறது தெரியணும். அப்பா நிக்கறதும் தெரியணும். அப்பா அந்த நேரத்துல அசையவே மாட்டாரு, எண்ணிக்கிட்டு இருப்பாரு.” எப்படி எண்ணுவார்? பதில் நீண்டது. கூட்டமாக இறங்கும்போது எப்படிக் கணக்கு வைப்பது, விடியும் முன்னே முட்டை பொறுக்குவது, எந்த வயலில் எத்தனை நாள் தங்குவது என்று இருபது நிமிடம் பேசினான். ஓராண்டில் என் வகுப்பில் அவன் பேசியது மொத்தமும் சேர்ந்தால் அவ்வளவு வராது. அவன் அப்பா கதவோரம் நின்று மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அவனைப் பேச வைத்தது காமிரா அல்ல என்பது என் கருத்து. தனக்குத் தெரிந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள எட்டுப் பெரியவர்கள் உண்மையாகவே விரும்பினார்கள். அது அவனுக்குப் புரிந்தது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இந்த ஆண்டும் தை மாதம் அவன் வாத்துகளோடு போனான். இப்போது பத்தாம் வகுப்பு. விடுபட்ட பாடங்களை ஈடுசெய்ய நாங்கள் மூன்று ஆசிரியர்கள் மாலையில் உட்காருகிறோம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. திரும்பி வந்த அன்று ஒரு நோட்டை நீட்டினான். போன இடம், கிளம்பிய நேரம், முட்டைக் கணக்கு, வெயில் எப்படி என்று நாள் தவறாமல் எழுதியிருந்தான். அந்த நோட்டிலிருந்தே புள்ளியியல் கணக்கைத் தொடங்கினோம். விட்ட இடத்திலிருந்து அவனைப் பிடித்துக்கொள்ள அது ஒரு கைப்பிடியாக இருந்தது.

ஆசிரியப் பெருமக்களே, பிலிம் காமிரா வாங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. லென்சுச் சண்டையைப் போலவே நம்மிடமும் ஒரு சண்டை உண்டு. எந்தத் திரை நல்லது, எந்தச் செயலி நல்லது என்று பேசுகிறோம். பேசலாம், கருவி முக்கியம்தான். ஆனால் அரைமணி நேரத்தில் அதை முடித்துவிட்டுப் பிள்ளையின் வேலையை மேசை நடுவில் வைக்கவேண்டும்.

செலவில்லாமல் செய்யக்கூடிய மூன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, அளவு வையுங்கள். செல்பேசியிலேயே செய்யலாம், ஆளுக்கு ஒரே ஒரு படம், அழித்துவிட்டு மீண்டும் எடுக்கக் கூடாது, எடுக்கும் முன் காரணம் எழுதவேண்டும். படமே வேண்டாம் என்றால் ஒரே ஒரு ஓவியம், ஒரே ஒரு பத்தி. சிறு வகுப்புகளில் அட்டைப்பெட்டியில் ஊசித்துளைக் காமிரா செய்து, எண்ணெய் தடவிய தாளில் தலைகீழாக விழும் வேப்பமரத்தைக் காட்டுங்கள். எதை அதில் பார்க்கப் போகிறாய் என்று முதலில் கேளுங்கள்.

இரண்டு, குறிப்பேடு. செய்ததை மட்டும் எழுதாமல், எப்படிச் செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன் என்பதை அவர்கள் தங்கள் மொழியில், மூன்று வரியில் எழுதட்டும். பிழையாகப் போனதற்கும் அதே மூன்று வரி.

மூன்று, கேள்வி. வாரத்துக்கு ஒரு பிள்ளையின் வேலையை எடுத்து வையுங்கள். ‘நன்று’ என்று எழுதிச் சுழிப்பதற்கு முன், பதில் நமக்குத் தெரியாத ஒரு கேள்வியைக் கேளுங்கள். நம்முடைய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் நம்மிடமே இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். பதில் தன்னிடம்தான் இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்தால், அது எழுந்து நிற்பதோடு நிற்காது, பேசும்.