குடிமதிப்புத் தாளில் குடிப்பெயர்

(திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பாட்டனின் பெயரைக் கேட்டால் எவரும் சொல்லிவிடுவர். பாட்டனுக்குப் பாட்டன் பெயரைக் கேட்டால் தமிழருள் பலர் வாய் திறவார். மேலைநாட்டார் அதனை, வீடு வீடாக மக்களைக் கணக்கெடுத்த பழைய குடிமதிப்புத் தாள்களில் தேடுகின்றனர். அவ்வகையில் அயர்லாந்து நாட்டின் தாள்கள் தமிழர் கருதிப் பார்க்கத் தக்கவை.

அந்நாட்டில் 1821 முதல் 1911 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை குடிமதிப்பு எடுக்கப்பட்டது. ஆயினும் 1861, 1871 ஆம் ஆண்டுத் தாள்களை ஆட்சியாளரே அழித்தனர். 1881, 1891 தாள்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் அழிக்கப்பட்டன. 1821 முதல் 1851 வரையிலான நான்கும் தலைநகர் தபுளினில் ஆவணக் களரியில் இருந்தன. 1922 சூன் 30இல் உள்நாட்டுப் போரில் அக்களரி எரிந்தபோது அவற்றுள் பெரும்பகுதி சாம்பலாயிற்று. முழுமையாக எஞ்சியவை 1901, 1911 தாள்களே.

அவை, எழுதத் தெரிந்த குடும்பத் தலைவர் தம் கையால் நிரப்பிக் கையொப்பமிட்டவை. குறித்த இரவில் வீட்டிலிருந்தோர் பெயர், உறவு, சமயம், எழுத்தறிவு, அகவை, தொழில், பிறந்த மாவட்டம் யாவும் அவற்றில் உள. மணமான பெண் ஈன்ற மக்கள் எத்தனை பேர், அவருள் உயிரோடிருப்போர் எத்தனை பேர் என்பதும் 1911இல் கேட்கப்பட்டது. ஒரு தாயின் வாழ்நாள் துயர் ஈரெண்களுக்குள் அடங்கிக் கிடக்கும். கணக்கெடுத்த காவலர் வீட்டின் சுவர், கூரை, அறை, முன்புறப் பலகணி ஆகியவற்றையும் தனித்தாளில் குறித்தனர்.

அகவையை மட்டும் அப்படியே நம்புதல் கூடாது. 1901இல் ஐம்பத்தெட்டு என்றவர் 1911இல் எழுபத்தொன்று என்று எழுதியிருப்பார். 1909 முதல் எழுபது நிறைந்த வறியோர்க்கு அரசு உதவித்தொகை வழங்கியமை அதற்கொரு கரணியம். 1864க்கு முன் பொதுவான பிறப்புப் பதிவு இல்லை. ஆதலால் அகவையை மெய்ப்பிக்க 1841, 1851 தாள்களில் பெயரைத் தேடினர். அங்ஙனம் தேடி எடுத்தெழுதிய குறிப்புகள், முதற்றாள்கள் எரிந்த பின்னும் எஞ்சி ஆய்வார்க்குப் பயன்படுகின்றன.

பெயரைத் தேடுவதிலும் பெரிய இடர் உண்டு. ஐரிசு மொழியில் ‘மாக்’ என்பது மகன். ‘மாக் கவுன்’ என்பது கொல்லன் மகன். ஆங்கில ஆட்சியில் இக்குடியினர் பலர் ‘சுமித்’ ஆயினர். அதுவும் கொல்லனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே. இவ்வாறு ஒரே குடி ஈரிடத்தில் இருபெயரில் ஒளிந்திருக்கும். 1911இல் மொழியுணர்வு மிக்க சிலர் தாளை ஐரிசிலேயே நிரப்பினர். ஆங்கிலப் பெயரை மட்டும் தேடுவோர் அவர்களைக் காணார்.

மொழிக்கும் ஒரு கட்டம் உண்டு. ஐரிசு மட்டும் பேசுவோர் ‘ஐரிசு’ எனவும், இரண்டும் பேசுவோர் ‘ஐரிசும் ஆங்கிலமும்’ எனவும் எழுதவேண்டும். பிறர் வெறுமையாக விடவேண்டும். ஒரே வீட்டில் பாட்டிக்கு ஐரிசு, பெற்றோர்க்கு இரண்டும், பிள்ளைகட்கோ வெறுங்கட்டம்! இத்தகைய தாள்கள் உள. மூன்று தலைமுறையில் ஒரு மொழி வீட்டைவிட்டு வெளியேறியதற்குத் தாளை நிரப்பிய தந்தையின் கையெழுத்தே சான்று.

இந்தியாவில் நிலை வேறு. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியொருவர் குறிப்புகள் பிறர் பார்வைக்கு வாரா. மொத்தக் கணக்கே வெளிவரும். பாட்டன் பெயரை அங்குத் தேட இயலாது. ஆகவே தமிழர் தம் குடிவரலாற்றைத் தாமே எழுதி வைத்தல் வேண்டும். முதியோர் இருக்கும்போதே பெயர், ஊர், தொழில், மணவுறவு ஆகியவற்றைக் கேட்டுக் குறித்திடுக! பழைய நில ஆவணங்களோடு ஒப்பிட்டுத் திருத்திடுக! பிள்ளைகட்குத் தமிழ்ப்பெயர் இடுக!

கணக்கெடுப்பார் வந்து தாய்மொழி யாதெனக் கேட்டால் ‘தமிழ்’ என்று சொல்லிவிடுதல் எளிது. அவ்விடை பேரப்பிள்ளை வாயிலும் மெய்யாக நிற்குமாறு வீட்டில் தமிழ் பேசுதலே கடமை. அயர்லாந்துப் பிள்ளைகளின் வெறுங்கட்டம் தமிழர் வீட்டில் விழாதிருக்கட்டும்!