புனேயில் புள்ளியியல் மேற்படிப்பு



புனே நகரில் சிவாஜி நகர்ப் பகுதியிலே ஒரு நாற்சந்திக்குச் 'சிம்லா ஆபீஸ்' என்று பெயர். இமயச் சாரலில் உள்ள சிம்லாவுக்கும் சஹ்யாத்ரி மலைக்குக் கிழக்கே உள்ள இந்நகருக்கும் என்ன உறவு என்று புதிதாக வருவோர் வியப்பதுண்டு. 1928-ஆம் ஆண்டில் இந்திய வானிலை இலாகா தன் தலைமை அலுவலகத்தைச் சிம்லாவிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டது. பின்னர் தலைமையிடம் டில்லிக்குப் போய்விட்டது. இலாகாவின் பெரிய அலுவலகம் ஒன்றும், நாற்சந்தியின் பெயரும் இங்கேயே தங்கிவிட்டன.

அந்த இலாகா சிம்லாவில் இருந்த காலத்தில், 1904 முதல் 1924 வரை, அதன் தலைவராக இருந்தவர் சர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் ஸ்தானம் பெற்றவர். வானிலை ஆராய்ச்சியோ அவருக்குப் புதிது. பருவமழை பெய்யுமா, பொய்க்குமா என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர் தலைமேல் விழுந்தது. உலகின் பல மூலைகளிலிருந்தும் காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் குறிப்புகளைத் திரட்டி, எது ஏறும்போது எது இறங்குகிறது என்று எண்களைக் கொண்டே தேடினார். பசிபிக், இந்து மகாசமுத்திரங்களுக்கிடையே காற்றழுத்தம் துலாக்கோல் போல ஏறி இறங்குவதை அவர் கண்டறிந்தது அவ்வாறுதான். ஆனால் மழைக்கு முன்னறிகுறி என்று அவர் எடுத்துக்கொண்ட தொடர்புகளில் சில, பிற்காலத்தில் நலிந்து போயின. எண்களில் தோன்றும் உறவுகளுள் எது நிலையானது, எது தற்செயலானது என்று பிரித்தறிவது எப்படி? இந்தக் கேள்வியைத் தன் தொழிலாகவே கொண்ட சாஸ்திரம் புள்ளியியல்.

இந்நகரத்தில் ராஸ்தா பேட்டையிலும் கிர்க்கியிலும் மற்றப் பகுதிகளிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றில் இப்போதெல்லாம் அடிக்கடி எழும் யோசனை ஒன்று உண்டு. மகளோ மகனோ பி.எஸ்ஸி. முடித்தாயிற்று, புள்ளியியலில் எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு ஆண்டுச் செலவும் காத்திருப்பும் தகுமா, அல்லது ஆறு மாதக் கம்ப்யூட்டர் பயிற்சியோடு உத்தியோகம் தேடச் சொல்லலாமா? பிள்ளையின் வாழ்க்கையைத் திருப்பிவிடும் முடிவு இது. ஆதலால் அந்தப் படிப்பு என்ன கேட்கிறது, என்ன தருகிறது என்பதைச் சற்றே விரிவாகப் பார்ப்போம்.

நான் கலைப் பட்டதாரி. ஆயினும் மத்திய சர்க்கார் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் என் மேசைக்கு வரும் அறிக்கைகளில் பாதி அட்டவணைகளே. அவற்றின் அடியில் 'ஸ்டாண்டர்டு எரர்' என்று ஒரு வரி இருக்கும். இந்தியில் 'மானக் த்ருட்டி' என்பர். தமிழில் 'திட்டப் பிழை' என்பர். இரண்டு மொழியிலும் அச்சொல் குற்றத்தின் வாடையோடுதான் காதில் விழுகிறது. பிழை இருக்குமானால் அதைத் திருத்திவிட்டு அச்சிடக் கூடாதா என்று அதிகாரி ஒருவர் கேட்டதும் உண்டு. உண்மையில் அது எவர் செய்த பிழையுமன்று. பல்லாயிரம் வயல்களில் நூறு வயல்களை மட்டும் அறுத்துப் பார்த்துச் சராசரி சொல்கிறோம். வேறு நூறு வயல்கள் நம் கையில் அகப்பட்டிருந்தால் சராசரி எவ்வளவு மாறியிருக்கும் என்பதன் அளவே அது. அதைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் இரண்டு மடங்கு வயல்கள் போதா, ஏறக்குறைய நான்கு மடங்கு வேண்டும். தன் கூற்றில் எவ்வளவு நிச்சயமின்மை உள்ளது என்று தானே அளந்து எழுதிக் காட்டும் இந்த வழக்கம், வேறு பல துறைகளிலும் இருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அறுவடை என்றதும் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். பாண்டுரங்க வாசுதேவ சுகாத்மே என்பவர் சாத்தாரா ஜில்லாவில் 1911-இல் பிறந்து, புனே பெர்குசன் கல்லூரியில் படித்து, லண்டனில் டாக்டர் பட்டம் பெற்றவர். பின்னாளில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தில் புள்ளியியல் பிரிவின் தலைவராக விளங்கியவர். 1940-களில் அவர் ஒரு வாதத்தை எழுப்பினார். மகசூலை மதிப்பிட வயலில் ஒரு சிறு துண்டை அளந்து அறுப்பது வழக்கம். துண்டு சிறியதாயின் வேலை சுலபம்; செலவும் குறைவு. ஆனால் எல்லைக் கோட்டின் மேல் நிற்கும் கதிர் உள்ளேயா, வெளியேயா? அறுப்பவன் கை தன்னையறியாமலே அதை உள்ளே சேர்த்துவிடும். 2 அடி ஆரமுள்ள வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு ஏறத்தாழ 12.5 சதுர அடி. சுற்றளவும் ஏறத்தாழ 12.5 அடி. அதாவது ஒரு சதுர அடிக்கு ஓர் அடி எல்லை. ஆரம் 20 அடியானால் ஒரு சதுர அடிக்கு வரும் எல்லை ஓர் அடியில் பத்தில் ஒரு பங்கே. ஆகவே துண்டு சிறுக்கச் சிறுக்க மகசூல் உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றும் என்று சுகாத்மே காட்டினார். சிறு வட்டங்களைக் கையாண்டு வந்த பேராசிரியர் மஹலநோபிஸ் தரப்பாருக்கும் அவருக்கும் இதைப் பற்றிப் பெரும் விவாதம் நடந்தது. இது ஏதோ பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயிக்கு நஷ்டஈடு உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பதில் இத்தகைய அறுவடைச் சோதனைகளுக்கு முக்கிய இடம் உண்டு. மகசூல் மிகுதியாகத் தோன்றினால் இழப்பது விவசாயி. திட்டப் பிழையைக் குறைக்க வயல்களைக் கூட்டலாம். எல்லைக் கோட்டில் கதிரைச் சேர்க்கும் கையின் சாய்வை எத்தனை வயல்களைக் கூட்டினாலும் போக்க முடியாது. இவ்விரண்டையும் வேறு வேறாகக் காணக் கற்பதுதான் இப்படிப்பின் சாரம்.

இனி, எங்கே கற்பது? பூனா சர்வகலாசாலை 1949-இல் நிறுவப்பட்டது. 2014 முதல் சாவித்ரிபாய் புலே புனே சர்வகலாசாலை என்று வழங்குகிறது. கணேஷ்கிண்டில் உள்ள அதன் வளாகத்தில் 1953-இல் கணிதமும் புள்ளியியலும் ஒரே துறையாகத் தொடங்கப்பட்டன. கோல்ஹாப்பூரில் பிறந்து, கேம்பிரிட்ஜில் ஹெரால்டு ஜெப்ரீஸ் என்ற பேரறிஞரிடம் ஆராய்ச்சி செய்து திரும்பிய வி. எஸ். ஹுசூர்பஜார் அதன் தலைவரானார். 1976-இல் புள்ளியியல் தனித் துறையாயிற்று. ஒரே கூரையின்கீழ் இருபத்து மூன்று ஆண்டுகள் கணிதத்தோடு வாழ்ந்த துறை இது. அந்த உறவை மறந்து உள்ளே நுழைபவர் திகைத்துப் போவர். பெர்குசன் கல்லூரியிலும் இம்மேற்படிப்பு உண்டு. 1930-இல் நிறுவப்பட்ட கோகலே பொருளாதார, அரசியல் ஆராய்ச்சி நிலையம் பொருளாதாரத்துக்கே உரியதாயினும், எண்களைக் கொண்டு நாட்டின் வறுமையை அளந்த தாண்டேகர் போன்றோர் பணிபுரிந்த இடம். அதன் நூல்நிலையத்தைப் புள்ளியியல் மாணவர் அறிந்து வைத்திருப்பது நலம்.

நகரைவிட்டு வெளியே செல்ல மனமுள்ளவருக்கு இரண்டு பெரிய வாயில்கள். முதலாவது, மஹலநோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் ஸ்தாபனத்தின் 'எம்.ஸ்டாட்.' படிப்பு. எழுத்துப் பரீட்சையும் அதன்பின் நேர்முகத் தேர்வும் நடைபெறும். சேர்ந்தவரிடம் போதனைக் கட்டணம் வாங்காமல், மாதந்தோறும் உபகாரச் சம்பளமும் தருவது அந்த ஸ்தாபனத்தின் வழக்கம். மாதச் சம்பளக் குடும்பங்கள் இச்செய்தியை அறியாமலே இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இரண்டாவது, ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர்வதற்கான 'ஜாம்' என்னும் பொதுப் பரீட்சை. அதில் கணிதப் புள்ளியியல் ஒரு தனிப் பாடம். மூன்று மணி நேரம், 60 வினாக்கள், 100 மதிப்பெண். கான்பூர், பம்பாய் ஐ.ஐ.டி.கள் இப்பாடத்தில் பெயர் பெற்றவை.

இப்பரீட்சைகள் எதை நாடுகின்றன? பட்டப்படிப்பில் மனப்பாடம் செய்த சூத்திரங்களை அல்ல. நேரியல் இயற்கணிதம், மெய்யெண் பகுப்பாய்வு, நிகழ்தகவு ஆகிய மூன்றிலும் கை பழகியிருக்கிறதா என்றே பார்க்கின்றன. பி.எஸ்ஸி.யில் சராசரியும் விலக்கமும் கணக்கிட்டு விடை எழுதினால் போதும், எம்.எஸ்ஸி.யில் அந்தச் சூத்திரம் ஏன் சரி, எப்போது சரியில்லை என்று நிரூபித்துக் காட்ட வேண்டும். முதல் அரையாண்டில் நல்ல மாணவர்களே தடுமாறுவது இந்த இடத்தில்தான். பட்டப்படிப்பின் இறுதியாண்டிலேயே வாரத்துக்கு இரண்டு மூன்று நிரூபணங்களைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தாளில் எழுதிப் பழகியவருக்கு இத்தடுமாற்றம் குறையும். பிள்ளை இதை விரும்பிச் செய்கிறதா என்று கவனியுங்கள். விரும்பாமல், கம்ப்யூட்டர் உத்தியோகத்துக்கு இது ஒரு கொல்லைப்புற வழி என்று மட்டும் எண்ணுமாயின், அந்த ஆறு மாதப் பயிற்சியே மேல் என்பது என் கருத்து. கம்ப்யூட்டர் இங்கும் உண்டு. 'ஆர்' என்ற மென்பொருளைக் காசில்லாமலே பெற்று வீட்டில் பழகலாம். ஆனால் அது கருவி, சாஸ்திரம் அன்று.

விருப்பம் எங்கே கொண்டு சேர்க்கும் என்று முன்கூட்டிச் சொல்வதற்கில்லை. சென்னையில் பிறந்த சீனிவாச வரதன், மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் படித்து 1959-இல் பட்டம் பெற்றுக் கல்கத்தா ஸ்தாபனத்துக்குச் சென்றார். ஆலைகளில் பண்டங்களின் தரத்தைச் சோதிக்கும் துறையில் இறங்கலாம் என்பதே அப்போது அவர் எண்ணம். அங்கே கிடைத்த நண்பர்களின் சேர்க்கையால் நிகழ்தகவுக் கணிதத்தின் பக்கம் திரும்பினார். 2007-இல் கணிதத்துக்குரிய ஏபல் பரிசு அவரை அடைந்தது.

எல்லோருக்கும் அத்தகைய உயரம் வாய்க்காது. வாய்க்க வேண்டியதும் இல்லை. புனேயைச் சுற்றியுள்ள மருந்துக் கம்பெனிகளில் மருந்துச் சோதனைகளின் முடிவுகளை ஆராயப் புள்ளியியலார் வேண்டும். பாங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் அவர்களைத் தேடுகின்றன. 1961-இல் அமைக்கப்பட்ட இந்தியப் புள்ளியியல் சேவைக்கு மத்தியத் தேர்வாணையம் பரீட்சை நடத்துகிறது. சர்க்கார் உத்தியோகம் என்றால் குமாஸ்தா வேலை மட்டுமே நினைவுக்கு வரும் நம்மவர் இதைக் குறித்துக்கொள்ளலாம். வெளிநாடு செல்ல எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை: அங்கே மதிப்பெண்ணோடு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதமும் பெரிதாக எண்ணப்படும். வகுப்பில் ஒரு மூலையில் வாய் திறவாமல் அமர்ந்து முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையைப் பற்றி ஆசிரியர் என்ன எழுத முடியும்? கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவாக எண்ணி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கடைசியாகக் காகிதங்களைப் பற்றி. வெளி மாநிலத் தமிழர் பலர் இடறுவது பரீட்சையில் அன்று, இங்கேதான். தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழைக் காட்டி மகாராஷ்டிர மாநில ஒதுக்கீட்டில் இடம் கோர முடியாது. அங்கே பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டியிருக்கும். ஐ.ஐ.டி., கல்கத்தா ஸ்தாபனம் போன்ற மத்திய நிறுவனங்களிலோ சொந்த மாநிலத்தின் சான்றிதழ் செல்லும். ஆனால் பிற்பட்ட வகுப்பினர் இரண்டைக் கவனிக்க வேண்டும். சாதியின் பெயர் மத்திய சர்க்காரின் பட்டியலில் இருத்தல் வேண்டும். மாநிலப் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது. வசதி படைத்த பிரிவினர் அல்லர் என்ற குறிப்போடு, மத்திய சர்க்கார் வகுத்த படிவத்தில், விண்ணப்ப அறிக்கையில் கேட்கும் தேதிக்குப் பொருந்துமாறு சான்றிதழ் இருத்தல் வேண்டும். தாசில்தார் அலுவலகம் திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ இருக்க, பிள்ளை புனேயில் இருக்கும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போதே இதை முடித்துக்கொண்டு வருவது உத்தமம். 'ஜாம்' பரீட்சை பிப்ரவரியில் நடப்பது. அதற்கு விண்ணப்பிக்கும் காலமோ முந்தைய ஆண்டின் செப்டம்பர், அக்டோபர். கல்கத்தா ஸ்தாபனத்தின் பரீட்சை வழக்கமாக மே மாதத்தில் வரும். புனே சர்வகலாசாலை தன் பிரவேசப் பரீட்சையைத் தனியே அறிவிக்கும். அதற்கு என்னென்ன பாடங்கள் படித்திருக்க வேண்டும் என்பதை அந்த ஆண்டின் அறிக்கையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், சென்ற ஆண்டு சேர்ந்த பிள்ளையின் சொல்லை மட்டும் நம்பாமல்.