வேட்டைக்கு முந்தைய மாதங்கள்

வேட்டைன்னு சொன்னதும் ஈட்டி எறியற அந்த ஒரு நொடிதான் நமக்கு ஞாபகம் வரும். இன்னைக்கு நான் பேசப்போறது அதுக்கு முந்தைய மாதங்களைப் பத்தி.

அலாஸ்காவோட வட கோடியில உட்கியாக்விக்னு ஒரு ஊர். 2016 வரைக்கும் பாரோன்னு பேர். குளிர்காலத்துல சுமார் 65 நாள் அங்கே சூரியன் உதிக்காது. அங்கே வாழற இனுபியாட் மக்கள் ஏப்ரல், மே மாதங்கள்ல போஹெட் திமிங்கிலத்தை வேட்டையாடுவாங்க. அந்தச் சில வாரங்களுக்காக வருஷம் முழுக்க வேலை நடக்கும்.

முதல்ல படகு. பேரு உமியாக். மரச்சட்டத்து மேல தாடிச் சீல்களோட தோலைப் போர்த்தின படகு. கோடையிலேயே சீலைப் பிடிச்சு, முடி கழண்டு வர்ற அளவுக்குத் தோலைப் புளிக்க விடுவாங்க. குளிர்காலக் கடைசியில பெண்கள் கூடி உட்கார்ந்து, கரிபூ மானோட தசைநாரைத் திரிச்ச நூலால தைப்பாங்க. ஊசி தோலை முழுசா துளைக்கக் கூடாது. பாதி ஆழம் போய்த் திரும்பணும். துளைச்சிட்டா தண்ணி கசியும். உறைபனிக் கடல்ல கசியற படகுன்னா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. கடலுக்குப் போறவங்க உயிர் அந்தத் தையல்லதான் இருக்கு.

'மோட்டார் படகு இல்லையா?'ன்னு கேப்பீங்க. இருக்கு, இலையுதிர் கால வேட்டைக்கு அதுதான். ஆனா வசந்தத்துல பனிக்கட்டி இடுக்குல காத்திருக்கணும். திமிங்கிலத்துக்குக் காது ரொம்பக் கூர்மை. தோல் படகு சத்தமில்லாம போகும்.

அடுத்தது பாதை. கரையிலிருந்து திறந்த கடல் வரைக்கும், மேடு மேடா குவிஞ்ச பனிக்கட்டியைக் கடப்பாரையால வெட்டி வழி போடணும். பனி உடைஞ்சா ஓடித் தப்பிக்கிறதும் அதே வழியிலதான்.

கடைசியா நிலவறை. உறைஞ்ச மண்ணைத் தோண்டின இயற்கைக் குளிர்பதனப் பெட்டி அது. வேட்டைக்கு முன்னாடி அதைக் காலி பண்ணி, மிச்ச இறைச்சியைப் பகிர்ந்து, சுத்தம் பண்ணிடணும். நிலவறை சுத்தமா இருக்கற, பகிர்ந்து சாப்பிடற குழுவுக்குத்தான் திமிங்கிலம் தன்னைக் கொடுக்கும்னு நம்பிக்கை. இப்போ பூமி சூடாகறதால அந்த உறைஞ்ச மண்ணே இளகுது. சில நிலவறைகள்ல தண்ணி புகுந்து இறைச்சி கெட்டுப்போகுது. நூலும் ஊசியும் இதைச் சரி பண்ணாது.

இன்னொண்ணு. 1977-ல திமிங்கிலம் குறைஞ்சுபோச்சுன்னு சர்வதேசத் திமிங்கில ஆணையம் இந்த வேட்டையைத் தடுக்கப் பார்த்தது. 'பனிக்கு அடியில போறதை நீங்க எண்ணலையே'ன்னு வேட்டைக்காரங்க சொன்னாங்க. நீருக்கடியில ஒலிவாங்கி வச்சு எண்ணினப்போ அவங்க சொன்னதுதான் சரின்னு தெரிஞ்சது. பல தலைமுறையா வேட்டை இல்லாத நாள்லயும் பனியைப் பார்த்துக்கிட்டே இருந்தவங்களோட அறிவு அது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.