நனைத்துத் தைப்பதா, தைத்து நனைப்பதா



திருப்பூர் அனுப்பர்பாளையம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு அண்டாவும் குடமும்தான் நினைவுக்கு வரும். பித்தளை, செம்பு, பிறகு எவர்சில்வர் என்று பாத்திரம் தட்டியே பேர் வாங்கிய ஊர். அந்தத் தட்டல் சத்தத்தோடு பவர்டேபிள் தையல் இயந்திரங்களின் சத்தமும் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. பனியன் தைக்கும் இடத்தில் வெட்டி மிஞ்சிய கட்பீஸ் சேராமல் இருக்குமா? மூட்டை மூட்டையாகச் சேரும். பெரும்பகுதி பஞ்சாக்கி மறுபடி நூலாக்கும் ஓப்பன் எண்ட் மில்லுக்குப் போகும். கொஞ்சம் இயந்திரம் துடைக்கப் போகும். மிச்சத்தில் நல்லதாகப் பொறுக்கி, கிலோ கணக்கில் வாங்கி, கால்மிதியாகவோ ஒட்டுத்துணிப் போர்வையாகவோ தைப்பவர்கள் உண்டு. அப்படித் தைக்க உட்கார்பவர்களுக்கு வரும் முதல் சந்தேகத்தைத்தான் இன்று பேசப் போகிறேன். துணியைத் துவைத்துவிட்டுத் தைப்பதா, தைத்துவிட்டுத் துவைப்பதா?

நம் பாட்டிமார்களுக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது. அவர்கள் போர்வைக்கு எடுத்தது நைந்த சேலை. சாயம் போக வேண்டியதெல்லாம் போயாயிற்று, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கியாயிற்று. வங்காளத்துக் காந்தாப் போர்வையும் அப்படித்தான். வடகர்நாடகத்தில் சித்தி சமூகப் பெண்கள் கையால் தைக்கும் கவந்திப் போர்வையும் அப்படித்தான். விளிம்பில் ஓட்டத்தையல் போட ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள்; அத்தனையும் உடுத்திப் பழசான துணி. புதுத்துணியை வெட்டிப் போர்வை தைப்பது ஆலைகள் மலிந்த காலத்துப் பழக்கம். பழக்கத்தோடு பிரச்சினையும் கூடவே வந்தது.

புதுத்துணியைத் தண்ணீரில் போட நமக்கு மனசு வராது என்பதையும் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு மஞ்சள் தொட்டு வைத்த சட்டையின் மொடமொடப்பு ஒரு துவைப்பில் போய்விடும் என்று தெரியும். தையல்காரருக்கும் அந்த மொடமொடப்பு வேண்டும். கத்தரி நேராக ஓடும், மூலை மூலையாக நிற்கும். துவைக்காமல் தைப்பவர்கள் சொல்லும் நியாயங்களில் வலுவானது இதுதான்.

ஆனால் மூட்டையில் இருக்கும் துணியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது கம்பெனியில் ரோலாக இருந்தபோது அதன் ஜாதகமே அங்கே இருந்தது. வட்டக் கட்டரால் நூறு சதுர சென்டிமீட்டர் வெட்டி எடைபோட்டு ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று எழுதியிருப்பார்கள். ஐம்பது சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, துவைத்துக் காயவைத்து, மறுபடி அளந்து சுருக்கம் பார்த்திருப்பார்கள். சாயம் பார்க்க ஆறு வகை இழைப் பட்டைகள் கொண்ட ஒரு வெள்ளைத் துண்டைக் கூடவே தைத்துத் துவைத்து, எந்தப் பட்டையில் எவ்வளவு ஏறியது என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டிருப்பார்கள். வெட்டும் மேஜையிலிருந்து துண்டு கீழே விழுந்த நிமிஷமே அந்தக் காகிதமெல்லாம் துணியை விட்டுப் போய்விடுகிறது. திருப்பூர்க் காதர்பேட்டைக் கடையில் கேட்டால் “சாயம் போகாதுங்க” என்பார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? எந்த லாட், எந்தச் சாயப்பட்டறை, சுருக்கம் குறைக்கும் காம்பாக்டிங் ஆனதா என்பதெல்லாம் மூட்டையில் எழுதியிருக்காது. ஆகவே முன்கூட்டித் துவைப்பதை நான் சுத்தத்துக்காகச் செய்வதாக நினைப்பதில்லை. கம்பெனி தெரிந்துவைத்திருந்ததை நாம் திரும்பத் தெரிந்துகொள்ள அதுதான் வழி.

சுருக்கத்தை முதலில் பார்ப்போம். பனியன் துணி வளையம் வளையமாகப் பின்னியது. சாயப்பட்டறையில் ஈரமாக இழுபடும்போது அந்த வளையங்கள் நீளவாக்கில் நீண்டுவிடும். பிற்பாடு தண்ணீர் பட்டால் தம் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதுதான் நாம் சொல்லும் சுருக்கம். நெய்த துணிக்கு இதைத் தீர்க்க அமெரிக்காவில் சான்ஃபர்ட் கிளூயட் என்பவர் ஒரு முறை கண்டுபிடித்து 1930-இல் காப்புரிமை வாங்கினார். அவர் பேராலேயே ‘சான்ஃபரைஸ்டு’ என்ற முத்திரை வந்தது. அப்படிப் பதப்படுத்திய நெய்த துணியில் மிச்சச் சுருக்கம் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. திருப்பூரின் காம்பாக்டிங் இயந்திரமும் அந்தச் சிந்தனையின் வழிவந்ததுதான். நீராவி காட்டி, நீளவாக்கில் நெருக்கி அனுப்பும். ஆனாலும் பனியன் துணியில் ஐந்து சதவீதம் வரை சுருக்கத்தை, ஆடை வாங்கும் பையர்களே பொதுவாக ஒப்புக்கொள்கிறார்கள். போர்வையில் இதன் பலனைப் பாருங்கள். பத்து அங்குலக் கட்டம் ஒன்று பனியன் துணி, பக்கத்துக் கட்டம் சான்ஃபரைஸ்டு பாப்ளின். முதல் துவைப்பில் ஒன்று ஒன்பதரைக்கு இறங்கும், மற்றது அசையாது. தையல் நெளிந்து கிடக்கும், இஸ்திரியாலும் சரிவராது. கைத்தறியும் காடாவும் கலந்திருந்தால் இன்னும் மோசம். காடா நிறையவே சுருங்கும்.

இங்கேதான் என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. போர்வை முழுக்க ஒரே ரோலின் துணி என்றால் துவைக்காமலே தைக்கலாம். எல்லாம் ஒரே அளவு சுருங்கும், துவைத்த பிறகு மேலெல்லாம் மெல்லிய சுருக்கம் விழுந்து பழைய போர்வையின் சாயல்கூட வரும். வேண்டுமென்றே அந்தச் சாயலுக்காகத் துவைக்காமல் தைப்பவர்கள் உலகமெங்கும் உண்டு. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் கட்பீஸ் மூட்டை கலப்புக் கூட்டம். அதற்கு அந்தச் சலுகை கிடையாது.

சாய விஷயத்தில் நான் இன்னும் கறார். சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு, இந்த நான்கையும் நான் நம்புவதில்லை. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பகுதி இழையோடு ஒட்டாமல் தண்ணீரோடு சேர்ந்து வீணாகும். அதைச் சோப்பிங் என்று சுடுநீரில் அலசி எடுக்க வேண்டும். அலசல் குறைந்தால் மிச்சச் சாயம் துணிக்குள்ளேயே ஒளிந்திருந்து, உங்கள் வீட்டு வாளியில் வெளியே வரும். அதைத் தடுக்கக் கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைக்கும் வழக்கம் நம்மில் பரவலாக இருக்கிறது. சுங்குடிச் சேலை வாங்கினால் கடையிலேயே சொல்லி அனுப்புவார்கள். மரியாதையோடு சொல்கிறேன், அதனால் பெரிய பலன் இல்லை. சாயப்பட்டறையிலும் உப்பு போடுகிறார்கள், கொஞ்சநஞ்சம் அல்ல. ஆனால் அங்கே உப்பின் வேலை சாயத்தை நீரிலிருந்து துணிப் பக்கம் தள்ளுவது. பிடிக்கவைப்பது சோடாவும் சூடும். அந்த உப்புதான் ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் போய் நொய்யல் கரை விவசாயிகளை வதைத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அந்தக் கழிவுநீரால்தான். இன்று ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்ற விதியில், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தண்ணீரோடு உப்பையும் மீட்கின்றன. உங்கள் வாளியில் போடும் ஒரு பிடிக்கு அந்த மீட்பெல்லாம் இல்லை, சாக்கடைதான். வெந்நீரில் சோப்புப் போட்டு அலசுவதே மேல்.

சாயம் போவதையே பெருமையாக்கிய கதையும் நம் பக்கத்தில் உண்டு. 1950-களின் கடைசியில் மெட்ராஸ் கைத்தறிக் கட்டம் அமெரிக்காவுக்குப் போயிற்று. ஏற்றுமதி செய்தவர் பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கிருஷ்ணன் நாயர். தனியாக, பச்சைத்தண்ணீரில் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை சட்டை வாங்கியவர்கள் வரைக்கும் போய்ச் சேரவில்லை. துவைத்ததும் சட்டை நிறம் மாறிற்று. விளம்பரக்காரர்கள் கெட்டிக்காரர்கள், சாயம் போவதற்கே உத்தரவாதம் என்று விற்றுவிட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. சட்டைக்கு அது சரி. வெள்ளைக் கட்டத்தோடு சிவப்புக் கட்டம் ஒட்டியிருக்கும் போர்வையில் அதே உத்தரவாதத்தை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள்.

எதிர்க்கட்சியின் பேச்சையும் கேட்டுவிடுவோம். உள்ளங்கை அகலத் துண்டுகளைத் துவைத்தால் என்ன ஆகும்? சிங்கிள் ஜெர்ஸி ஓரம் சுருண்டு குழாய் மாதிரி ஆகிவிடும். நெய்த துணி நூல் பிரிந்து, பாதித் துணி வாளியிலேயே போய்விடும். மேல்நாட்டில் அளவாக வெட்டிக் கட்டாக விற்கும் துண்டுகளைத் துவைக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். நியாயம். அதனால் நான் சிறு துண்டை இயந்திரத்தில் போடச் சொல்லவில்லை. வலைப்பையில் வைத்துக் கையால் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் ஒற்றி, பாதி ஈரத்தில் தேய்த்துவிட்டால் போதும். சுருண்ட ஓரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும், ஆகவே அளவைவிட முக்கால் அங்குலம் கூடவே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மொடமொடப்பு வேண்டும் என்றால் வடிகஞ்சி இருக்கிறது. வெட்டும் முன் லேசாக முக்கி உலர்த்தினால் கத்தரி பழையபடி ஓடும்.

எல்லாவற்றையும் துவைக்கத் தண்ணீர் இல்லை என்பவர்களுக்குச் சோதனை ஒன்று சொல்கிறேன். நம்பிக்கையில்லாத நிறத்தில் ஒரு சிறு துண்டும் வெள்ளைப் பருத்தித் துண்டும் சேர்த்து நான்கு தையல் போடுங்கள். எவர்சில்வர் கிண்ணத்தில் வெந்நீரும் கொஞ்சம் சோப்பும் விட்டு அரைமணி நேரம் போட்டுவையுங்கள். எடுத்து, பிரிக்காமல், அப்படியே உலரவிடுங்கள். தண்ணீரில் நிறம் தெரிவதைவிட வெள்ளையில் கறை ஏறியதா என்பதுதான் கணக்கு. ஏறியிருந்தால் அந்த நிறத்தைத் துவையுங்கள். இரண்டாம் தரம் சோதித்தும் ஏறினால் கால்மிதிக்கு ஒதுக்கிவிடுங்கள். சுருக்கத்துக்கும் அப்படியே: பத்து அங்குலம் குறித்த துண்டை நனைத்துக் காயவைத்து, டேப்பை வையுங்கள். கால் அங்குலத்துக்கு மேல் குறைந்தால் அந்த வகைத் துணி முழுவதும் தண்ணீருக்குப் போகட்டும்.

குழந்தைக்குத் தைக்கும் போர்வைக்கு மட்டும் சோதனை, கணக்கு எதுவும் வேண்டாம். ஒரே ரோல் ஆனாலும் சரி, வெள்ளையே ஆனாலும் சரி, துவைத்துவிட்டே தையுங்கள். மென்மைக்காகப் போடும் சாஃப்ட்னரும் குடோன் தூசும் அதில் இருக்கும். பிள்ளை அதை வாயில் வைக்கும். உள்ளே வைக்கும் துணியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மேல்துணியைத் துவைத்துவிட்டு நடுவில் துவைக்காத பருத்தியை வைத்துத் தைத்தால், முதல் துவைப்பில் அது தனியாகச் சுருங்கி மேல்துணியையும் இழுத்துவிடும்.