முத்துச் சிப்பி முட்டை எங்கே பிளக்கிறது?



தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். பார்களில் சிப்பி அருகிப்போனதால் தொழில் நின்றது. 1981இல் அங்குள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தொட்டியிலேயே சிப்பிக் குஞ்சு பொரிக்க வைத்தனர்.

அந்த முட்டை மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். கருவுற்றதும் இரண்டாகப் பிளக்க வேண்டும். எந்த இடத்தில்? முட்டைக்குள் நூற்புக் கதிர் போன்ற ஓர் இழைக்கற்றை தோன்றி, குரோமோசோம்களை இரு முனைக்கும் இழுக்கிறது. அக்கதிரின் நடுப்பகுதிக்கு நேராக மேற்புறத்தில் ஆக்டின், மயோசின் என்னும் புரதங்களாலான வளையம் அமைந்து, சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தாற்போல இறுகும். உங்கள் காளையின் தசையை இயக்குவதும் இதே வகைப் புரதங்களே! (நெற்பயிரின் உயிரணு இப்படி இறுகுவதில்லை, நடுவே சுவர் எழுப்பிக்கொள்கிறது.)

கதிர் ஒருபுறம் ஒதுங்கினால் வெட்டும் ஒதுங்கும். சிப்பி முட்டையின் முதற் பிளவிலேயே ஒன்று சிறியது, மற்றது பெரியது.

கதிர் மட்டும்தானா இடத்தைக் காட்டுகிறது? அதே 1961இல் அமெரிக்க அறிஞர் ராப்பபோர்ட், கடல் முள்ளெலி இனத்தைச் சேர்ந்த ஒரு பிராணியின் முட்டையைக் கண்ணாடி உருண்டையால் அழுத்தி, உளுந்து வடை வடிவாக்கினார். இரண்டாம் பிளவின்போது, நடுவே கதிரே இல்லாத இடத்திலும் வெட்டு விழுந்தது! கதிர்முனைகளிலிருந்து விரியும் இழைகளுக்கும் இதில் பங்குண்டு என்று அப்போதுதான் தெளிவாயிற்று.

தூத்துக்குடித் தொட்டியில் இப்படிப் பிளந்து பிளந்து, மறுநாளே குஞ்சுகள் ஓடு கட்டிக்கொண்டு நீந்தும்.