ஆறு மணிக்கும் மூடாத ஆபீஸ்



அலுவலகத்துக்குள் மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் வந்ததால் வேலை எளிதானதா, வீட்டு நிம்மதி போனதா? போனது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அம்மா, "மதுரைக் கிளையும் சென்னைத் தலைமை அலுவலகமும் ஒரே நொடியில் பேசிக்கொள்கின்றன" என்றார்கள். நான் மறுக்கவில்லை. 1971-ல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், நெட்வொர்க் வழியாக முதல் மின்னஞ்சலை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பினார். இரண்டும் ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன! பக்கத்து சீட்டுக்காரனுக்கே மெசேஜ் அனுப்புகிற பழக்கம் இன்னிக்கு நேத்து வந்ததில்லை ஐயா! (சிரிப்பு)

ஆனால், அந்த ஒரு நொடியில்தான் வில்லங்கமே இருக்கிறது. அந்தக் காலத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேனேஜருக்கு ஒரு சந்தேகம் வந்தால் என்ன செய்வார்? பியூனைத் தேட வேண்டும், சைக்கிளில் அனுப்ப வேண்டும். "சரி, காலையில கேட்டுக்கலாம்" என்று படுத்துவிடுவார். கேட்கிறவருக்கு இருந்த அந்தச் சிரமம்தான் குமாஸ்தா வீட்டு வாசலில் காவல் நின்றது. இப்போது? படுத்துக்கொண்டே கட்டைவிரலால் தட்டுகிறார்: "அந்த ஸ்டேட்மெண்ட் என்னாச்சு?" அவருக்கு அரை நிமிஷம். இங்கே சோற்றில் கை வைத்தவன் எழுந்துவிடுகிறான்!

"சாப்பிட்டுட்டுப் பாருங்களேன்" என்கிறாள் மனைவி. "பாத்துட்டேனே! நான் படிச்சுட்டேன்னு அவருக்குக் காட்டிடுமே!" (கைதட்டல்)

குரூப் கதை தனி. முப்பது பேர். முப்பது பேரும் "ஓகே சார்", "நோட்டட் சார்". நடுவில் ஒருத்தர் ரோஜாப்பூவோடு குட்நைட். அந்தக் குவியலுக்குள் உண்மையான உத்தரவு எங்கே போனதோ! மறுநாள், "குரூப்ல போட்டேனே, பாக்கலையா?" என்பார்.

"போனை அணைச்சு வைக்க வேண்டியதுதானே?" என்று எதிரணி கேட்கும். மேனேஜர் அணைக்கலாம். போன மாசம் சேர்ந்த பையன் அணைப்பானா? இன்னும் வேலை நிரந்தரமாகாத பெண் அணைப்பாளா?

ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி 2011-ல் தொழிலாளர் பிரதிநிதிகளோடு பேசி ஒரு ஏற்பாடு செய்தது. பணிநேரம் முடிந்து அரை மணியில், தொழிலாளர்களின் பிளாக்பெர்ரி போனுக்கு மின்னஞ்சல் போவது நின்றுவிடும். மறுநாள் வேலை தொடங்க அரை மணி இருக்கும்போதுதான் மறுபடி வரும். மேலதிகாரிகளுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது! (சிரிப்பு) பிரான்சில் 2017 ஜனவரி முதல், ஐம்பது பேருக்குக் குறையாத கம்பெனிகள் இதுபற்றித் தொழிலாளர் தரப்போடு பேசியாக வேண்டும் என்று சட்டமே வந்தது. நம் மக்களவையில் 2018-ல் சுப்ரியா சுலே ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

அவசரம் வராதா? வரும். பாய்லர் வெடித்தால் கூப்பிடத்தான் வேண்டும். போன் போட்டுக் கூப்பிடட்டும்! ஃபோக்ஸ்வாகன்கூட மின்னஞ்சலைத்தான் நிறுத்தியது, போன் பேச்சை நிறுத்தவில்லை. தூங்குகிறவனை எழுப்பிப் பேச எந்த மேனேஜருக்கும் கொஞ்சம் கூச்சம் இருக்கும். அந்தக் கூச்சத்தைத்தான் சார், இந்த மெசேஜ் போக்கிவிட்டது.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். தீர்ப்பை மட்டும் வாயால் சொல்லுங்கள் நடுவர் அவர்களே, குரூப்பில் போட்டுவிடாதீர்கள்! (கைதட்டல்)