தெருவின் தலையெழுத்தை யார் எழுதுவது?



மாசி மகத்தன்று மலாக்கா நகரில் வெள்ளி ரதம் புறப்படும். துக்காங் எமாஸ் சாலையிலுள்ள பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து செங் சன்னாசிமலை வரை ரதம் போகும் வழியெல்லாம் கார்கள் ஒதுங்கி நிற்கும். நியாலாஸ், ஆசஹான், சிலாண்டார் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களும் வண்டியை எங்கோ ஓரமாக நிறுத்திவிட்டு நடந்துதான் வருவார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. நாள் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். ரதம் கடந்துவிட்டால் சாலை மறுபடியும் சாலைதான்.

அதே ஆலயத்திற்கு அடுத்த தெரு ஜோங்கர் தெரு. அரசாங்கப் பெயர் ஜாலான் ஹங் ஜெபாட். அங்கே 2013இல் நடந்தது வேறு கதை.

அந்த ஆண்டு மே 5ஆம் தேதி பொதுத் தேர்தல். கோத்தா மலாக்கா நாடாளுமன்றத் தொகுதியை ஜசெக தக்கவைத்துக்கொண்டது. மாநில ஆட்சி தேசிய முன்னணியிடமே இருந்தது. புதிய முதலமைச்சராக இட்ரிஸ் ஹருன் பொறுப்பேற்றார். பதவியேற்ற சூட்டோடு ஓர் அறிவிப்பு வந்தது: வார இறுதி இரவுகளில் பாசார் மாலாமுக்காக மூடப்பட்டு வந்த ஜோங்கர் தெரு இனி வாகனங்களுக்குத் திறந்துவிடப்படும். காரணம், சுற்று வட்டாரப் போக்குவரத்து நெரிசல்.

வியாபாரிகள் கொதித்தார்கள். கடைகளை அடைத்து எதிர்ப்பைக் காட்டினார்கள். ஓட்டுப் போடாததற்குத் தண்டனை என்று எதிர்க்கட்சி சொன்னது. இல்லை, நெரிசலைக் குறைக்கத்தான் என்று அரசாங்கம் சொன்னது. தெரு கொஞ்ச நாள் வாகனங்களுக்குத் திறந்தும் விடப்பட்டது. சில வாரங்களில் மாநில அரசு இறங்கி வந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் தெரு மறுபடி நடப்பவர்களுக்கானது.

ஜெயித்தது மக்கள் என்று கைதட்டிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் நியாயம் அவ்வளவு சுலபமாக ஒரு பக்கம் சாய்வதில்லை.

நெரிசல் பொய்யல்ல. அந்தப் பழைய நகரத்துத் தெருக்கள் டச்சுக்காரர் காலத்து அகலத்தில் இருப்பவை. ஒன்றை மூடினால் வண்டிகள் பக்கத்துத் தெருவில் போய் முட்டும். அங்கே குடியிருக்கும் வயதானவர் இரவில் நெஞ்சு வலிக்கிறது என்றால் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும்? வீட்டு வாசலில் அந்நியர் கார் நின்றால் யாரிடம் போய்ச் சொல்வது? இப்படிக் கேட்பவரும் அந்த வட்டாரத்துக்காரர்தான். 2000இல் ஜோங்கர் வாக் இரவுச் சந்தையைத் தொடங்கியபோதும் அதை விரும்பாத தெருவாசிகள் இருந்தார்கள். அதே 2000இல்தான் பழைய வீட்டு வாடகைக் கட்டுப்பாடும் முடிவுக்கு வந்திருந்தது. வாடகை ஏறியது, பழைய கைத்தொழில்காரர்கள் பலர் வெளியேறினார்கள், சுற்றுப்பயணிகளை நம்பிய கடைகள் வந்தன. பதின்மூன்று வருடம் கழித்து, மூடிய தெருவை நம்பிப் பிழைப்பவர்கள் உருவாகிவிட்ட பிறகு, அதே தெருவை ஓர் அறிவிப்பில் திறக்கிறார்கள். மூடியபோது ஒரு கூட்டத்துக்கு அதிர்ச்சி, திறந்தபோது இன்னொரு கூட்டத்துக்கு.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. தங்களைக் கேட்டு முடிவெடுக்கும் கட்டாயம் யாருக்கும் இல்லை.

இந்த நாட்டில் ஊராட்சி மன்றத் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. இந்தோனேசியாவுடனான மோதல் அன்று காட்டப்பட்ட காரணம். மோதல் ஓய்ந்தது, தேர்தல் திரும்பவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதை ஒரேயடியாக முடித்து வைத்தது. அன்று முதல் மாநகர, நகராண்மைக் கழக உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. வாசல் ரோட்டில் அம்புக்குறியை எந்தப் பக்கம் வரைவது என்று முடிவெடுப்பவரை அந்த வாசலில் குடியிருப்பவர் ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது.

இதில் தமிழர்கள் நினைவில் வைக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு. ஊராட்சி மன்றங்களை ஆராய 1965இல் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி. நாகப்பன். ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மையாரின் கணவர். ஊராட்சித் தேர்தல் மீண்டும் நடக்க வேண்டும் என்றே அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 2018இல் ஆட்சி மாறிய பிறகு பேச்சு மறுபடி எழுந்தது. இனச் சச்சரவு வரும் என்று அன்றைய பிரதமர் மகாதீர் கதவைச் சாத்தினார்.

முழு இருட்டு என்றும் சொல்ல முடியாது. நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி உள்ளூர்த் திட்டம் தயாராகும்போது அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். எது பிரதான சாலை, எது குடியிருப்புச் சாலை என்பதெல்லாம் அதில் வரும். ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் ஒருவழிப் பாதை, தடை, திருப்பம் போன்ற மாற்றங்கள் பெரும்பாலும் பலகை நட்ட பிறகுதான் கண்ணில் படுகின்றன. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் 2010இல் லிட்டில் இந்தியாவாக மாறியபோது ஒருவழிப் போக்குவரத்தால் வணிகர்களும் குடியிருப்பாளர்களும் பட்ட சங்கடம் பலருக்கு நினைவிருக்கும். பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம் அது. வண்டி எந்தப் பக்கமிருந்து வரும் என்று காதால் பழகியவருக்கு, ஓர் அம்புக்குறி மாறுவது சின்ன விஷயமா?

நியாலாஸ் பக்கம் இருப்பவருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். அங்கே பிரச்சினை தலைகீழ். கூட்டரசு சாலை, மாநிலச் சாலை, ஊராட்சி மன்றச் சாலை என்று பதிவேட்டில் ஏறிய சாலைகளுக்குத்தான் பராமரிப்புப் பணம் வரும். தோட்டத்து ரோடு பெரும்பாலும் இந்த மூன்றிலும் சேராது. அது நிர்வாகத்தின் சொந்த ரோடு. செம்பனைக் குலை ஏற்றிய லோரி பள்ளம் பறித்தாலும், நிர்வாகம் கேட்டைப் பூட்டினாலும், "இது எங்கள் ரோடு அல்ல" என்று இலாகாக்கள் கைவிரித்துவிடலாம். ஜோங்கர் தெருக்காரர்கள் தங்கள் தெருவின் வகையை மாற்றாதே என்று நின்றார்கள். தோட்டத்துக்காரர் தன் ரோட்டுக்கு ஏதாவதொரு வகை கொடு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்கு நடந்துபோகும் ரோடு எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று ஜாசின் நகராண்மைக் கழகத்திலும் பொதுப்பணி இலாகாவிலும் கேட்டுப் பார்க்கலாம். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். கடிதமாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.